நாற்பது பேருக்கு ரெண்டு டோக்கன்

யாரு சொன்னது உனக்கு? பஸ்ஸுலயா, இல்ல மில்லு கேட்டு வாசல் டீக்கடையிலயா? டீக்கடையாத்தான் இருக்கும். ஒரு தாயும் மகளும் வேலைக்குச் சேரப் பையைத் தூக்கிக்கிட்டு வந்து இறங்கினாப் போதும், அந்த ஆளு ஆரம்பிச்சுருவான். இந்த மில்லுல பிள்ளைக மயங்கி மயங்கி விழுதுகளாம்ல, தெரியுமான்னு.

விழுந்தாங்க. இல்லைன்னு சொல்லல. நீ நேருக்கு நேரா கேட்டுட்ட, நானும் நேராவே சொல்லிருறேன். போன வருஷம் பங்குனியில ஆரம்பிச்சுச்சு, ஆடியில நின்னுச்சு. அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல. உக்காரு தாயி. ஆபீஸ்காரர் சாப்பிடப் போயிருக்காரு, வர அரை மணி நேரம் ஆகும். உன் பொண்ணு வெளியவே நிக்கட்டும். இது சின்னப் பிள்ளை கேக்க வேண்டியது இல்ல.

நான் இந்த ஆஸ்டலுக்கு வார்டனா வந்து பதினோரு வருஷம். அதுக்கு முன்ன இதே மில்லுல பதினாலு வருஷம் பிரேம் ஓட்டுனவ. பிரேம்னா நூல் நூக்குற மெஷின். வரிசையா நூத்துக்கணக்குல நூல் சுத்துற கதிரு ஓடிக்கிட்டே இருக்கும், எந்த இடத்துல இழை அறுந்தாலும் ஓடிப்போய் ஒட்டணும். எட்டு மணி நேரமும் நடைதான். உள்ள ஃபேன் போட முடியாது, பஞ்சு பறக்கும். இழை அறுந்துராம இருக்கணும்னு ஈரக்காத்தை அடிச்சு விடுவாங்க. வெளிய வெயிலு, உள்ள வேக்காடு. எனக்குத் தெரியாத வேலையில்ல. நான் ஒரு நாளும் விழுந்ததில்ல. அதையும் சொல்லிக்கிறேன்.

முதல்ல விழுந்தது கௌசல்யா. பரமக்குடிப் பக்கத்துப் பிள்ளை. காலை ஷிப்ட்டு, பத்து மணி இருக்கும், பிரேமுக்குப் பக்கத்துலயே சரிஞ்சுட்டா. தூக்கிட்டு வந்து முகத்துல தண்ணி தெளிச்சு, குளுக்கோஸ் கரைச்சுக் குடுத்தோம். கண்ணு முழிச்சுட்டா. வெயிலு காலம், ஒண்ணு ரெண்டு அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டோம். அந்த வாரமே இன்னொருத்தி. அடுத்த வாரம் மூணு பேரு. சித்திரை பொறந்தப்ப, காலையில மணி அடிச்சு இதுகளை உள்ள அனுப்பும்போதே ஒவ்வொருத்தி முகத்தையும் பாப்பேன். இன்னைக்கு எவளோ, இன்னைக்கு எத்தனை பேரோன்னு இருக்கும். மில்லுப் பக்கம் இருந்து யாராச்சும் வேகமா நடந்து வந்தாலே நான் பாயை எடுத்து விரிச்சுருவேன்.

மேனேஜர் தண்டபாணி சார் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாரு. "ராசாமணி, என்ன சோறு போடுறீங்க இதுகளுக்கு?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. அப்ப இங்க பூரணம்னு ஒரு அம்மா சமைச்சுக்கிட்டு இருந்தாங்க. எட்டு வருஷமா இருந்தவங்க. கை நீளம் கிடையாது, வாய்தான் நீளம். அவங்க சோத்துல என்ன குறைன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா ஒரு காரணம் சொல்லியாகணும்ல? நாளு பூரா கேட்டுக்கிட்டே இருக்காங்க. அரிசி சரியில்ல, எண்ணெய் சரியில்லன்னு எழுதிக் குடுத்தேன். பூரணத்தம்மாவை நிறுத்திட்டு வெளிய இருந்து காண்ட்ராக்ட்டுல சாப்பாடு வர ஏற்பாடு பண்ணினாங்க. நல்ல சாப்பாடு. முட்டைகூட உண்டு. என்ன, காலையில வண்டி வந்து சேர ஆறரை ஆயிரும். ஆறு மணி ஷிப்ட்டுக்குப் போற பிள்ளைக டீயைக் குடிச்சுட்டுப் போயிருவாங்க. பதினோரு மணிக்கு வந்து சாப்பிட்டுக்கலாம்ல, என்ன இப்ப?

அதுக்கப்புறமும் விழுந்தாங்க. அப்பத்தான் எனக்குச் சாப்பாடு காரணம் இல்லன்னு உறுதியாச்சு.

அடுத்தது பேய். நீ சிரிக்காத. நான் நம்புறவ இல்ல, ஆனா ஹாலுக்கு நாப்பது பிள்ளைக ஒண்ணாப் படுத்திருக்கிற இடத்துல ஒருத்தி "கழுத்தை அமுக்குது"ன்னா, மத்த முப்பத்தொன்பதுக்கும் அமுக்கும். பழைய பஞ்சுக் குடோன்ல எப்பவோ ஒரு பொம்பளை செத்துப்போச்சாம், அவதான் ஆளு தேடுறான்னு பேச்சு. தண்டபாணி சாரு ஒரு பூசாரியை வரவழைச்சாரு. கிடா வெட்டல, பூசணிக்காதான். பூசாரி, மூணு வெள்ளிக்கிழமைக்குப் பிள்ளைக பச்சைத்தண்ணி பல்லுல படாம விரதம் இருக்கணும், பொழுது சாஞ்சுதான் சாப்பிடணும்னு சொன்னாரு. இருந்தாங்க. பக்தியாத்தான் இருந்தாங்க. ரெண்டாவது வெள்ளிக்கிழமை பதினோரு பேரு விழுந்தாங்க.

பதினோரு பேரு, தாயி. ஒருத்தியைத் தூக்கிட்டு வந்து படுக்கப்போட்டுட்டுத் திரும்பினா அடுத்தவளைத் தூக்கிட்டு வராங்க. பாய் பத்தல. இந்த வராந்தா நெடுக வரிசையா கெடந்தாங்க. ஒருத்திக்குக் கை கால் வெட்டி இழுத்துக்கிச்சு. சுத்தி நின்னு மத்ததெல்லாம் கத்துதுக.  பூசாரி போன்ல சொன்னாரு, பேய்க்குக் கோபம் ஏறிருச்சு, போகப்போற நேரம் அப்படித்தான் ஆடும்னு.

அன்னைக்கு ராத்திரி ஆறு பேரு அப்பா அம்மாவை வரச்சொல்லி, விடிஞ்சதும் பெட்டியைக் கட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அந்த வாரத்துக்குள்ள இருபது பேரு போயாச்சு. ஆனா பிரேமை நிறுத்த முடியுமா? ஆர்டர் இருக்கு. ரெண்டு பிரேம் பாத்தவளுக்கு மூணுன்னு பிரிச்சு விட்டாரு மேனேஜர். இருக்கிறவங்களுக்கு ஓட்டம் கூடிப்போச்சு. இதுல, "இவளுக நடிக்கிறாளுக, ராசாமணி. விழுந்தா வீட்டுக்குப் போகலாம்ல"ன்னு ஒரு நாள் சொன்னாரு. எனக்கும் பாத்தா அப்படித்தான் தோணுச்சு. ஒருத்தி விழுந்தா பக்கத்துல நிக்கிறவளும் விழுவாளா என்ன? அப்ப ஒரு விதி போட்டேன். மயக்கம்னு வந்து படுக்கிறவளுக்கு அந்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போன் பேச விடமாட்டேன். சத்தியமா சொல்றேன், ஒரே வாரத்துல பாதியாக் கொறஞ்சுச்சு. தலை சுத்துதுன்னு சொல்லிக்கிட்டு ஒருத்தியும் என்கிட்ட வரல.

அப்புறம் டோக்கன். அதைப் பத்தியும் டீக்கடைக்காரன் சொல்லியிருப்பான். சொல்லலையா? சரி, நானே சொல்றேன்.

மூணு பிரேம் பாக்குறவ பாத்ரூம் போனா, அந்த மூணு பிரேமும் அனாதையா நிக்கும். பாத்ரூம், பிரேம் ஓடுற ஷெட்டுக்குப் பின்னால இருக்கு, போயிட்டு வரப் பத்து நிமிஷம். ஒரே நேரத்துல ஆறு பேரு ஏழு பேரு போயிருவாங்க. இழை அறுந்து அறுந்து மலையாக் கழிவு விழும். ஷெட்டுல வேலை வாங்குற மேஸ்திரி வந்து என்கிட்டச் சண்டை, நீதானே இதுகளை வளக்குறன்னு. நான் ராத்திரியெல்லாம் யோசிச்சு ஒரு யோசனை சொன்னேன். ஒரு செக்‌ஷனுக்கு ரெண்டே ரெண்டு பித்தளை டோக்கன். நாப்பது பேருக்கு ரெண்டு. மேஸ்திரி மேசையில இருக்கும். டோக்கனை எடுத்துக்கிட்டவதான் பாத்ரூம் போகலாம். அவ வந்து வெச்சப்புறம் அடுத்தவ. போறதும் வரதும் நோட்டுல எழுதணும்.

தண்டபாணி சாரு ஆபீஸ் ரூம்ல, ஆபீசருங்க எல்லாரு முன்னாலயும் சொன்னாரு, "படிச்ச எஞ்சினியருக்குத் தோணாதது ராசாமணிக்குத் தோணியிருக்கு பாருங்க"ன்னு. இருபத்தஞ்சு வருஷத்துல இந்த மில்லுல என் பேரைச் சொல்லி ஒருத்தர் பாராட்டினது அன்னைக்குத்தான். வீட்டுக்காரரு போனப்புறம், என்னை ஒரு ஆளா மதிச்சு யாரும் யோசனை கேட்டதில்ல தாயி. அதனால சொல்றேன், தப்பா எடுத்துக்காத.

ஒழுங்கு வந்துருச்சு. கூட்டம் போட்டுப் போறது நின்னுருச்சு. தண்ணிக்கும் குறை வைக்கல. வெயிலாச்சேன்னு ஷெட்டுக்குள்ள நாலு கேன் தண்ணி வெக்கச் சொன்னதும் நான்தான். சாயங்காலம் போய்ப் பாத்தா கேன் வெச்சபடியே நிறைஞ்சு இருக்கும். அம்புட்டுத் தண்ணி. தாராளமா இருந்துச்சு.

வைகாசி கடைசியில ஜெசிந்தா வந்தா. இங்க டிஸ்பென்சரிக்கு நர்ஸா. தூத்துக்குடிப் பக்கம் ஊரு, முப்பது வயசு இருக்கும். ஒல்லியா இருப்பா, மெதுவாப் பேசுவா. வந்த அன்னைக்கே அவளை எனக்குப் பிடிக்கல. காரணம் கேக்காத, பிடிக்கல. எதையும் ஒரு தடவை சொன்னா விடமாட்டா. "அப்புறம் என்ன ஆச்சு?"ன்னு கேப்பா. சொன்னா, "அதுக்கப்புறம்?" அதையும் சொன்னா, "அதனால வேற என்ன ஆச்சு?" போலீஸ்காரன்கூட அப்படிக் கேக்கமாட்டான்.

பிள்ளைகளை ஒவ்வொருத்தியாக் கூப்பிட்டா. கூப்பிட்டுக் கேக்குறது என்னன்னு நினைக்கிற? கடைசியா எப்பத் தண்ணி குடிச்ச, கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போன. இதான் கேள்வி. பொம்பளைப் பிள்ளைக, வெக்கத்துல குனிஞ்சுக்கிட்டு நிக்குதுக. நான் உள்ள போய்ச் சத்தம் போட்டேன். "இதெல்லாம் ஒரு கேள்வியா சிஸ்டர்? குடும்பத்துப் பிள்ளைக இவங்க."

அவ சத்தமே போடல. "ராசாமணிம்மா, காலையில அஞ்சரைக்குப் போன பிள்ளை மத்தியானம் ரெண்டரை வரைக்கும் போகலைன்னு சொல்லுது. நேத்து முப்பது பேரைக் கேட்டேன், இருபத்திரண்டு பேரு அதையேதான் சொல்றாங்க"ன்னா.

"அப்ப அதுகளுக்கு வரல. வந்தா போகாதுகளா?"ன்னேன்.

என் பதிலையும் எழுதி வெச்சுக்கிட்டா. 

அடுத்து அவ என்ன செஞ்சா, ஒரு ஷிப்ட்டு முழுக்க ஷெட்டுக்குள்ளயே ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டா. எட்டு மணி நேரம். வேர்த்து ஊத்துது, பஞ்சு மேலெல்லாம் ஒட்டியிருக்கு, ஒரு நோட்டுல எழுதிக்கிட்டே இருக்கா. மறுநாள் சாப்பாட்டு வண்டிக்காரன்கிட்டப் பேசினா. பூரணத்தம்மா வீட்டைத் தேடிப் போய்ப் பேசினா. வீட்டுக்குப் போயிட்ட பிள்ளைகளுக்குப் போன் போட்டா. மேஸ்திரியோட நோட்டை வாங்கிப் பாத்தா. ஒரு மாத்திரை குடுக்கிற பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்குன்னு நானும் மேஸ்திரியும் பேசிக்குவோம்.

ஒரு ஞாயித்துக்கிழமை எங்க எல்லாரையும் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூப்பிட்டா. மேனேஜரு, மேஸ்திரி, நானு, பிள்ளைகள்ல கௌசல்யாவும் இன்னொருத்தியும். பழைய தினசரிக் காலண்டர் அட்டை ஒண்ணைத் திருப்பி வெச்சுக்கிட்டு, "இன்னைக்கு யாரு காரணம்னு மட்டும் பேச வேண்டாம். எது எதை இழுத்துக்கிட்டு வருதுன்னு பாப்போம்"ன்னு ஆரம்பிச்சா.

நடுவுல 'மயக்கம்'னு எழுதி ஒரு வட்டம் போட்டா. "ஒரு பிள்ளை விழுந்தா என்ன ஆகுது?" கௌசல்யாதான் சொன்னா, வீட்டுக்குப் போயிருவாங்க சிஸ்டர்னு. அங்க இருந்து ஒரு அம்புக்குறி, 'ஆளு குறைவு'. "ஆளு குறைஞ்சா?" மூணு பிரேம். "மூணு பிரேம்னா?" நேரமில்ல, டோக்கன் கிடைக்கல. "டோக்கன் கிடைக்காதுன்னு தெரிஞ்சா நீங்க என்ன பண்ணுவீங்க?"

கௌசல்யா என்னைப் பாத்தா. அப்புறம் தரையைப் பாத்துக்கிட்டுச் சொன்னா, "தண்ணி குடிக்க மாட்டோம் சிஸ்டர். குடிச்சாத்தானே வரும்."

அங்க இருந்து 'தண்ணி இல்ல', அங்க இருந்து 'நீர்க்கடுப்பு, காய்ச்சல்', அங்க இருந்து நேரா 'மயக்கம்'. அம்புக்குறி ஒரு சுத்து சுத்தி, கிளம்பின இடத்துக்கே வந்து நின்னுச்சு.

"நாம விழுறதைக் கடைசின்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். அது கடைசி இல்ல சார், அதுதான் அடுத்தவளைத் தள்ளி விடுது"ன்னா ஜெசிந்தா. அப்புறம் அந்த வட்டத்துக்கு வெளிய இருந்து ஒவ்வொண்ணா எழுதினா. சாப்பாடு மாத்தினது. காலையில வெறும் வயிறுன்னு ஒரு அம்பு. விரதம், அதுக்கு ஒரு அம்பு. போன் பேச விடாதது, அதனால காய்ச்சலை மறைக்கிறாங்கன்னு ஒரு அம்பு. எல்லா அம்பும் உள்ளதான் போகுது, ஒண்ணுகூட வெளிய வரல. "நீங்க யாரும் கெடுதல் நினைக்கல. ஒவ்வொருத்தரும் தன் முன்னால இருந்த துண்டைச் சரி பண்ணியிருக்கீங்க. ஆனா சேத்துப் பாத்தா, நிறுத்தணும்னு செஞ்சது எல்லாமே வேகமாச் சுத்த விட்டிருக்கு."

படத்துல ஒருத்தர் பேரும் எழுதல, அது உண்மைதான். ஆனா நாங்க நல்லதுக்குச் செஞ்ச அம்புட்டும் அங்க குத்தமா நிக்குது. நீயே சொல்லு, எப்படி இருந்திருக்கும் எனக்கு?

தண்டபாணி சாரு எந்திரிச்சுட்டாரு. "என்ன பண்ணச் சொல்றீங்க, மில்லை மூடவா?"

"டோக்கனை எடுத்துருங்க சார். ரெண்டு பிரேமா ஆக்குங்க. அதுவரைக்கும் சில பிரேமை நிறுத்தி வைங்க. ஒரு மாசம் நஷ்டம் தெரியும், அப்புறம் போன பிள்ளைக திரும்பி வருவாங்க. ஒரு இடத்துல அறுத்தாப் போதும், சுத்துறது நின்னுரும்."

"நர்ஸு வேலையை மட்டும் பாருங்க"ன்னுட்டுப் போயிட்டாரு.

நானும் எந்திரிச்சேன். அப்ப ஜெசிந்தா என் கையைப் பிடிச்சா. "ராசாமணிம்மா, உங்க தங்கச்சி மகளை ஒரு தடவை என்கிட்ட அனுப்புங்க. மேஸ்திரி நோட்டுல அவ பேரே இல்ல. டோக்கன் வந்த நாள்ல இருந்து ஒரு தடவைகூட இல்ல. நேத்து அவ சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்து போனதைப் பாத்தேன்."

சிவரஞ்சனியைப் பத்தி உனக்கு இன்னும் சொல்லலையே. எந் தங்கச்சி கனகோட மக. பன்னெண்டாப்பு முடிச்சவளை நான்தான் இங்க கூட்டிட்டு வந்தேன். தன் சொந்தத்துக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம்னு யாரும் என்னைச் சொல்லிரக் கூடாதுன்னு, அவகிட்டத்தான் நான் கூடுதல் கண்டிப்பா இருப்பேன். அவளும் அப்படித்தான். பெரியம்மா பேரைக் கெடுக்கக் கூடாதுன்னு இருப்பா. மூணு பிரேமும் ஒத்தையாப் பாப்பா. டோக்கன் பக்கம் போனதேயில்ல. மத்த பிள்ளைககிட்ட நான் சொல்லுவேன், "ரஞ்சனியைப் பாருங்கடி, அவளுக்கு மட்டும் எப்படி முடியுது?"ன்னு.

ஆனாலும் ஜெசிந்தா சொன்னது உறுத்துச்சு. சாயங்காலம் ரஞ்சனியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "உனக்கு என்னடி செய்யுது?"

"ஒண்ணுமில்ல பெரியம்மா."

நெத்தியைத் தொட்டுப் பாத்தேன். சுட்டுச்சு. கோடைன்னா யாருக்குத்தான் சுடாது? "சிஸ்டர்கிட்டப் போறியா?"ன்னேன்.

"போனா வர்ற ஞாயித்துக்கிழமை அம்மாகிட்டப் பேச முடியாதுல்ல?"ன்னா. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா.

நான் வெச்ச விதி. அவளுக்கு மட்டும் எப்படித் தளத்துறது? மறுநாள் காலையில, அஞ்சரை மணிக்கு நான்தான் அவளை எழுப்பிவிட்டேன். ரெண்டு தடவை எழுப்பினேன்.

ஒன்பது மணிக்கு மேஸ்திரி ஓடி வந்தாரு. நடந்து வரல, ஓடி வந்தாரு. நான் போறப்ப ரஞ்சனி பிரேமுக்கு நடுவுல கெடக்கா. உடம்பு கொதிக்குது, கை மட்டும் ஐஸு மாதிரி இருக்கு, உதடு வெளுத்துப்போச்சு. ஜெசிந்தா தரையில உக்காந்து அவ கையைப் பிடிச்சு நாடி பாக்குறா. பிரேமெல்லாம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, சத்தத்துல ஒண்ணும் கேக்கல. "வண்டி! இப்பவே! திண்டுக்கல் இல்ல, நேரா மதுரை!"ன்னு அவ கத்தினா. அந்த மெதுவாப் பேசுறவ அப்படிக் கத்தி நான் அன்னைக்குத்தான் கேட்டேன்.

மதுரை பெரியாஸ்பத்திரியில டாக்டர் சொன்னாரு, சிறுநீரகத்துல கிருமி ஏறி ரத்தத்துல கலந்துருச்சுன்னு. "எத்தனை நாளா காய்ச்சல்?"ன்னு கேட்டாரு. நான் தெரியாதுன்னு சொன்னேன். பின்னால நின்னுக்கிட்டு ஜெசிந்தா, "அஞ்சு நாளா இருக்கும் டாக்டர்"ன்னா.

ரெண்டு நாள் ரஞ்சனி கண்ணு முழிக்கல. கனகு வந்தா. என்னைப் பாத்து ஒரு வார்த்தை கேக்கல, திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நானு. டியூப் போட்டு, மூத்திரம் ஒரு பையில சொட்டுச் சொட்டா இறங்குது. டாக்டரும் நர்ஸும் வந்து வந்து அந்தப் பையைத்தான் பாக்குறாங்க. கொஞ்சம் கூடியிருக்கா, கொஞ்சம் கூடியிருக்கான்னு. நானும் அதையேதான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அந்த ரெண்டு நாளும் நான் சாமியைக் கும்பிட்டதெல்லாம் அந்தப் பையைப் பாத்துத்தான்.

மூணாம் நாள் மத்தியானம் உதடு அசைஞ்சுச்சு. குனிஞ்சு காதைக் குடுத்தேன்.

"பெரியம்மா, டோக்கன் யாருகிட்ட இருக்கு?"

 "அவ வந்துட்டாளா? நான் போயிட்டு வந்துரட்டுமா?"ன்னு திரும்பக் கேக்குறா. கண்ணைத் திறக்கல. டியூப் போட்டிருக்கு, அவ எழுந்திரிக்கவே வேண்டியதில்ல, ஆனா கேக்குறா. காய்ச்சல் உளறல்தான் தாயி. காய்ச்சல்ல என்னென்னமோ உளறுவாங்க. எங்கம்மா சாகுறப்ப ஆடு மேய்க்கக் கூப்பிட்டுச்சு.

பிழைச்சுட்டா. ஒரு சிறுநீரகம் சரியா வேலை செய்யல, மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே இருக்கணும். ஆனா பிழைச்சுட்டா.

அதுக்கப்புறம் ஹெட் ஆபீஸ்ல இருந்து ஆளுக வந்தாங்க. ஜெசிந்தா அதே காலண்டர் அட்டையை எடுத்துப் போட்டா. மூணு மணி நேரம் பேசினாங்க. டோக்கன் போச்சு. ஆளுக்கு ரெண்டே பிரேம்னு ஆச்சு, ஒரு செக்‌ஷனுக்கு மூணு பிள்ளைக, யாரு எப்பப் போனாலும் அவ பிரேமைப் பாத்துக்கன்னே உபரியா. பூரணத்தம்மா திரும்ப வந்து அஞ்சு மணிக்கெல்லாம் இட்லி ஊத்துறாங்க. போன் எல்லா ஞாயித்துக்கிழமையும் எல்லாருக்கும். தண்டபாணி சாரை வேற மில்லுக்கு மாத்திட்டாங்க. போனவங்கள்ல பாதிப் பேரு திரும்பி வந்தாங்க, கௌசல்யாகூட இங்கதான் இருக்கா. ஆடி பாதியில இருந்து ஒருத்தியும் விழல.

எல்லாரும் அந்தப் படத்தாலன்னு சொல்றாங்க. ஆடியில நல்ல மழை. ரெண்டு நாள் விடாம ஊத்துச்சு. வேக்காடு தணிஞ்சா யாரு விழப்போறா? நான் மழைதான்னு சொல்லுவேன்.

என்ன அப்படிப் பாக்குற?

சரி, இதையும் கேட்டுக்க. போன மாசம் கனகு வீட்டுக்குப் போனேன். ஒரு வருஷமா அவ என்கூடப் பேசுறதில்ல. வாசல்ல நின்னேன், உள்ள வான்னு சொல்லல. ரஞ்சனிதான் வந்து கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனா. கொஞ்சம் சதை போட்டிருக்கா, முகம் மட்டும் ஊதினாப்புல இருக்கு. நான் அழுதுட்டேன். "அந்த நர்ஸு உன் மனசைக் கெடுத்துட்டா, பெரியம்மா மேல கோவமா இருக்க"ன்னு சொன்னேன்.

"சிஸ்டர் உங்களைப் பத்தி ஒண்ணுமே சொன்னதில்ல பெரியம்மா. யாரு மேலயும் கோவப்படாதன்னுதான் சொன்னாங்க. டோக்கன் உங்க யோசனைன்னே எனக்குத் தெரியாது. மேனேஜர் கொண்டுவந்ததுன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். நீங்கதான் சொன்னீங்க"ன்னா.

"நான் எப்பச் சொன்னேன்?"

"ஆஸ்பத்திரியில. நான் கண்ணு முழிக்காமக் கெடந்தப்ப. என் காலைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லிக்கிட்டே இருந்தீங்க. 'நான்தான்டி யோசிச்சேன், நான்தான்டி உன்னை எழுப்பிவிட்டேன்'னு. எனக்குப் பேச முடியல, ஆனா கேட்டுச்சு."

நான் அப்படிச் சொல்லல. சொல்லியிருந்தா எனக்கு ஞாபகம் இருக்காதா? உணர்வில்லாமக் கெடந்தவளுக்கு என்ன கேட்டுச்சோ, யாரு குரல்னு நினைச்சாளோ. கனகு அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. இல்லைன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல. எனக்குக் காப்பி கொண்டாந்து வெச்சா. ஒரு வருஷத்துக்கப்புறம் அவ கையால ஒரு காப்பி. நான் அதைக் குடிக்காம எந்திரிச்சு வந்துட்டேன். ஏன் வந்தேன்னு பஸ்ஸுல வரும்போதெல்லாம் யோசிச்சேன், தெரியல.

எங்க, கிளம்பிட்டியா? ஆபீஸ்காரர் இப்ப வந்துருவாரே.

யாரைப் பாக்கணும்? ஜெசிந்தாவையா? அதான் நான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே தாயி, ஒண்ணு விடாம. அவகிட்ட இன்னும் என்ன கேக்கப் போற?

இருக்கா, இருக்கா. இன்னைக்கும் டிஸ்பென்சரியிலதான் இருக்கா. இந்த வராந்தாவோட நேராப் போய்க் கடைசியில திரும்பினா பச்சைக் கதவு. உன் பொண்ணையும் கூட்டிட்டுப் போ. அதுவும் உக்காந்து கேக்கட்டும். வெளிய நிறுத்தி வெச்சது போதும்.

நான் வரல. நான் கூட வந்து நின்னா அவளைப் பேச விடமாட்டேன். நீங்க ரெண்டு பேரும் மட்டும் போங்க.